கியோட்டோவில் முதல் நான்கு நாட்கள்: புதிதாகச் செல்வோருக்கான வழிகாட்டி

கியோட்டோவுக்கு முதன்முறையாகச் செல்பவர்கள் பெரும்பாலும் ஒரே பட்டியலைக் கையில் வைத்திருப்பார்கள்: பொன் தகடு போர்த்திய கின்காகுஜி, செந்நிற வாயில்கள் நிறைந்த ஃபுஷிமி இனாரி, மலைச்சரிவில் நிற்கும் கியோமிசு தேரா, அராஷியாமாவின் மூங்கில் தோப்பு. பட்டியலில் குறையொன்றும் இல்லை. ஆனால் வரைபடத்தை விரித்துப் பார்த்தால், முதலாவது நகரின் வடமேற்கிலும், இரண்டாவது தெற்கிலும், மூன்றாவது கிழக்கிலும், நான்காவது மேற்கு எல்லையிலும் இருப்பது தெரியவரும். இவை நான்கையும் ஒன்றிரண்டு நாட்களில் பார்த்துவிட முனைபவர், பொழுதில் பாதியை நெரிசலான பேருந்துகளில் நின்றபடியே கழிக்க நேரும்.

794ஆம் ஆண்டிலிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தலைநகராக இருந்த கியோட்டோ, நேர்த்தெருக்களால் கட்டங்கட்டமாக வகுக்கப்பட்ட நகரம். அதன் வடக்கிலும் கிழக்கிலும் மேற்கிலும் மலைகள்; தெற்குப் பக்கம் மட்டும் திறந்த சமவெளி. புகழ்பெற்ற கோயில்களில் பல அந்த மலைகளின் அடிவாரத்தில், ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் அமைந்திருக்கின்றன. ஆகவே, நாளுக்கு ஒரு திசை என்று வகுத்துக்கொண்டு, அந்தத் திசைக்கு விடியற்காலையிலேயே போய்ச்சேர்ந்து, பிறகு நடந்தே சுற்றுவதுதான் இந்த நகரத்துக்குப் பொருந்தும் முறை.

புறப்படும் முன்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசா பெற வேண்டும்; சிங்கப்பூர்க் குடிமக்களுக்குக் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு அது தேவையில்லை. குடிநுழைவு, சுங்கம் ஆகிய இரண்டுக்குமான விவரங்களை ‘விசிட் ஜப்பான் வெப்’ என்னும் அரசுத் தளத்தில் வீட்டிலிருந்தே நிரப்பி, கிடைக்கும் கியூஆர் குறியீட்டைத் தொலைபேசியில் படமாகச் சேமித்துக்கொண்டால், விமான நிலையத்தில் படிவம் தேடி அலைய வேண்டியிராது.

மருந்துப் பையைக் கவனத்தோடு அடுக்க வேண்டும். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மாத்திரைகளை ஜப்பானுக்குள் கொண்டுசெல்வது சட்டப்படி குற்றம். நம் ஊரில் சாதாரணமாக வாங்கும் மாத்திரைகளிலும் இந்தப் பொருள் இருக்கக்கூடும் என்பதால் அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். மருத்துவர் எழுதித்தந்த மருந்துகளை ஒரு மாதத் தேவைக்கு மேற்படாமல், மருந்துச் சீட்டுடன் எடுத்துச்செல்லுங்கள். இறைச்சி சேர்ந்த எந்தப் பண்டத்துக்கும் அனுமதியில்லை. தாவர ஆரோக்கியச் சான்றிதழ் இல்லாமல் மாம்பழம், கறிவேப்பிலை போன்ற பசுமையான பொருட்களையும் கொண்டுசெல்லக் கூடாது. ஜப்பானின் மின்சாரம் 100 வோல்ட். அங்குள்ள மின்செருகு துளைகள் இரண்டு தட்டையான முனைகளுக்கானவை. அதற்கேற்ற அடாப்டர் ஒன்று தேவைப்படும்.

எளிதில் கழற்றி மாட்டக்கூடிய காலணியும் கிழிசல் இல்லாத காலுறைகளும் அவசியம். கோயில் மண்டபங்களுக்குள்ளும் பல உணவகங்களுக்குள்ளும் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். குளிர்காலத்தில் அந்த மரத்தரை பனிக்கட்டிபோல் சில்லிடும்.

மார்ச் கடைசி வாரம் முதல் ஏப்ரல் தொடக்கம் வரையிலான செர்ரி மலர்க் காலத்திலும், நவம்பர் நடுப்பகுதி முதல் டிசம்பர் தொடக்கம் வரையிலான செவ்விலைக் காலத்திலும் நகரம் நிரம்பி வழியும். விடுதிக் கட்டணமும் ஏறிவிடும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் புழுக்கம் சென்னைவாசிகளையே சோர வைக்கும். தேதியை நீங்களே தீர்மானிக்க முடியுமானால், மே மாதத்தின் பிற்பகுதியையோ டிசம்பரின் நடுப்பகுதியையோ தேர்ந்தெடுங்கள்.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, முதல் பயணத்துக்குக் கியோட்டோ ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதியோ, அங்கிருந்து வடக்கே செல்லும் கராசுமா சுரங்க ரயில் பாதையை ஒட்டிய பகுதியோ போதும். கிழக்கு மலையடிவாரத்தின் பழைய விடுதிகள் அழகானவைதான். ஆனால் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்தக் கல் படிகளில் ஏறுவது முதல் நாளிலேயே களைப்பைத் தந்துவிடும். அறை வாடகையோடு, ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று நகராட்சியின் தங்கல் வரியும் உண்டு. இது 2026 மார்ச்சில் உயர்த்தப்பட்டிருப்பதால் முன்பதிவின்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாடு முழுவதும் ரயிலில் செல்ல உதவும் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 2023 அக்டோபரில் அதன் ஏழு நாள் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தது. கியோட்டோவையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டும் பார்ப்பவர்களுக்கு அது வீண் செலவு.

முதல் நாள்: வந்துசேர்தலும் தோஜி கோயிலும்

கியோட்டோவுக்கென்று பன்னாட்டு விமான நிலையம் இல்லை. ஒசாகா விரிகுடாவில் செயற்கைத் தீவின் மேல் அமைத்து 1994இல் திறக்கப்பட்ட கான்சாய் விமான நிலையமே அருகில் உள்ளது. அங்கிருந்து ஹாருகா விரைவு ரயில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் கியோட்டோ நிலையத்துக்கு நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். வெளிநாட்டுப் பயணிகளுக்கென விலை குறைந்த ஒருவழிச் சீட்டு உண்டு. அதை இணையத்தில் முன்னரே வாங்கிவிடலாம். டோக்கியோவில் இறங்குபவர்கள் நோசோமி ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலில் இரண்டேகால் மணி நேரத்தில் கியோட்டோவை அடையலாம்.

விமான நிலையத்தின் ரயில் நிலையத்திலேயே இகோகா அட்டையை வாங்கிவிடுங்கள். 2,000 யென் கொடுத்தால், 500 யென் வைப்புத்தொகை போக 1,500 யென் செலவிடக் கிடைக்கும். ரயில், சுரங்க ரயில், நகரப் பேருந்து ஆகியவற்றில் மட்டுமல்லாமல், பெரும்பாலான கன்வீனியன்ஸ் கடைகளிலும் தானியங்கி விற்பனைப் பெட்டிகளிலும் இந்த அட்டை செல்லும். இதில் மீண்டும் பணம் ஏற்றப் பெரும்பாலும் ரொக்கம் தேவைப்படும் என்பதால், செவன் இலெவன் கடைகளில் உள்ள ஏடிஎம்மில் சிறிது யென் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அட்டைகளை அவை ஏற்கின்றன.

விடுதிகளில் அறை பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்குத்தான் கிடைக்கும். அதற்கு முன்பே சென்றாலும் பெட்டியை வரவேற்பறையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பெட்டியோடு நகரப் பேருந்தில் ஏறுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இடம் மிகக் குறைவு, அன்றாடம் வேலைக்குச் செல்லும் உள்ளூர்க்காரர்களுக்கு அது பெரும் இடைஞ்சல்.

இரவுப் பயணத்தின் அசதி இருக்கும் இந்த நாளில் தொலைவாகப் போக வேண்டாம். நிலையத்தின் தெற்குப் பக்கமான ஹாச்சிஜோ வாயிலிலிருந்து 15 நிமிடம் மேற்கே நடந்தால் தோஜி கோயில். ஏறத்தாழ 55 மீட்டர் உயரமுள்ள அதன் ஐந்தடுக்கு மரக் கோபுரமே ஜப்பானின் மிக உயர்ந்த மரக் கோபுரம். ஆனால் தமிழ் வாசகர்கள் அங்கு காண வேண்டியது கோபுரத்தைவிட, உபதேச மண்டபத்தின் உள்ளே இருக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் 21 சிலைகள் ஒரு மண்டலமாக நிற்க, அவற்றின் ஒரு பக்கத்தில் நான்கு அன்னங்கள் தாங்கும் தாமரைமேல் நான்கு முகங்களோடு பிரம்மா அமர்ந்திருக்கிறார்; மறு பக்கத்தில் யானைமேல் இந்திரன். ஒன்பதாம் நூற்றாண்டில் கூகாய் என்னும் துறவி வகுத்த அமைப்பு இது. ஜப்பானிய முகத்தோடு நம் தெய்வங்களைப் பார்க்கும்போது, இந்த ஊரின் கோயில்களை இனி எப்படிப் பார்ப்பது என்பதற்கு முதல் நாளிலேயே ஒரு பிடி கிடைத்துவிடும். மாலை 5 மணிக்குக் கோயில் மூடப்படும் என்பதால் 4 மணிக்குள்ளாவது அங்கு இருங்கள். ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி கோயில் வளாகத்தில் பெரிய சந்தை கூடும். உங்கள் பயணம் அந்தத் தேதியைத் தொட்டால் தவறவிடாதீர்கள்.

பேருந்தில் ஏறும் முறை

கியோட்டோ நகரப் பேருந்தில் பின் கதவு வழியாக ஏறி, முன் கதவு வழியாக இறங்க வேண்டும். கட்டணம் இறங்கும்போதுதான். நகரின் பெரும்பகுதிக்குள் எவ்வளவு தூரம் சென்றாலும் பெரியவர்களுக்கு 230 யென். உங்கள் நிறுத்தத்தின் பெயர் திரையில் தோன்றியதும் பொத்தானை அழுத்திவிட்டு, வண்டி நின்ற பிறகே எழுந்து முன்னால் செல்லுங்கள். ஓட்டுநர் அருகில் உள்ள கட்டணப் பெட்டியில் அட்டையை ஒருமுறை தொட்டால் போதும். ரொக்கமாகத் தருபவர்கள் சரியான சில்லறையைப் போட வேண்டும். அதிகமாகப் போட்டால் மீதி வராது. சில்லறை இல்லையென்றால், அதே பெட்டியில் 1,000 யென் நோட்டை மாற்றும் வசதி இருக்கிறது. 5,000, 10,000 யென் நோட்டுகளை அது வாங்காது.

பேருந்துக்கு மட்டுமான ஒரு நாள் சீட்டு முன்பு இருந்தது. நெரிசலைக் குறைக்க நகராட்சி அதை நிறுத்திவிட்டது. இப்போது சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் சேர்த்து 1,100 யென்னுக்கு ஒரு நாள் சீட்டு கிடைக்கிறது. இந்தக் கட்டுரையில் சொல்லும் வழிகளில் ஜே.ஆர். ரயிலும் நடையுமே அதிகம் என்பதால், பெரும்பாலான நாட்களில் உங்களுக்கு அது தேவைப்படாது.

இரண்டாம் நாள்: கிழக்கு

நேர வித்தியாசம் இன்று உங்களுக்கு எதிராக வேலை செய்யும். இந்திய நேரத்தைவிட ஜப்பான் மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே காலை 5 மணி என்பது உடலுக்கு நள்ளிரவு 1.30. இருந்தாலும் இந்த ஒரு காலையில் மட்டும் எப்படியாவது எழுந்துவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். கியோமிசு தேரா காலை 6 மணிக்குத் திறக்கிறது. 10 மணிக்கு மேல் அதே இடத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நகர முடியும். விடியற்காலையில் நான்கு பேர் கொண்ட குடும்பம் டாக்ஸியில் செல்வதே மேல். டாக்ஸியின் பின் கதவை ஓட்டுநரே திறந்து மூடுவார் என்பதால் நீங்கள் கைப்பிடியைத் தொட வேண்டாம்.

நுழைவுக் கட்டணம் 500 யென். 1633இல் மீண்டும் கட்டப்பட்ட தலைமை மண்டபத்திலிருந்து முன்னே நீளும் மர மேடை, தரையிலிருந்து ஏறத்தாழ 13 மீட்டர் உயரத்தில், ஆணியின்றி ஒன்றோடொன்று கோக்கப்பட்ட பெருந்தூண்களின் மேல் நிற்கிறது. மேலே நின்று நகரத்தைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், எதிர்ச் சரிவுக்குச் சென்று மேடையை எதிரே நின்று பாருங்கள். பிறகு கீழே ஒதோவா அருவியருகே இறங்கி, தூண்கள் குறுக்குக் கட்டைகளோடு பின்னியிருக்கும் விதத்தை அண்ணாந்து பாருங்கள். தச்சர்களின் திறமை அங்கிருந்துதான் முழுமையாகப் புலப்படும்.

அங்கிருந்து சன்னென்சாகா, நினென்சாகா என்னும் கற்படிச் சரிவுகள் வழியாக வடக்கே நடந்தால், கடைகள் திறக்கும் முன்னரே பழைய மர வீடுகளின் வரிசையை அமைதியாகப் பார்த்தபடி யசாகா ஆலயத்தை அடைந்துவிடலாம். அதற்கு அப்பால் கியோன் பகுதி. இங்குள்ள சில தனியார் சந்துகளில் நுழைய 2024 முதல் சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை இருக்கிறது. மீறினால் 10,000 யென் தண்டம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கெய்ஷா என்னும் மரபுக் கலைஞர்களையும், மைக்கோ என்னும் அவர்களின் பயிற்சி மாணவிகளையும் வழிமறித்துப் படமெடுப்பது பெரிய தொல்லையாகிவிட்டதால் வந்த தடை அது. அவர்கள் வேலைக்குச் சென்றுகொண்டிருக்கிறார்கள் என்பதை மனத்தில் வைத்து, ஒதுங்கி வழிவிடுவதே முறை.

காமோ ஆற்றைக் கடந்து மேற்கே சென்றால், நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் கொண்ட நிஷிகி சந்தை. வாங்கிய தின்பண்டத்தை அந்தக் கடையின் முன்னேயே நின்று தின்றுவிட வேண்டும். தின்றுகொண்டே நடப்பதை அங்கே விரும்புவதில்லை. தெருவில் குப்பைத்தொட்டி அரிது என்பதால் ஒரு சிறிய பையை எப்போதும் உடன் வைத்திருங்கள்.

விடுதிக்குத் திரும்பிச் சற்று ஓய்வெடுக்கலாம்; இன்னும் தெம்பு இருந்தால், கெய்ஹான் ரயிலில் கியோன் ஷிஜோவிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி ஷிச்சிஜோவில் இறங்கி சன்ஜூசங்கென்தோவுக்குச் செல்லுங்கள். 120 மீட்டர் நீளமுள்ள ஒரே மண்டபத்தில் 1,001 கன்னோன் சிலைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கன்னோன் என்பது நாம் அறிந்த அவலோகிதேசுவரரே. முன்வரிசையில் காவலாக நிற்கும் 28 தெய்வங்களின் பெயர்ப்பலகைகளைப் படியுங்கள். கருடனும் பிரம்மாவும் இந்திரனும் அங்கேயும் இருக்கிறார்கள். படமெடுக்க அனுமதியில்லை, அதனாலேயே அங்கு எல்லோரும் நின்று பார்க்கிறார்கள்.

சாப்பாடு

அசைவம் உண்பவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கும் மாதிரி உணவைச் சுட்டிக்காட்டினாலே போதும். மாட்டிறைச்சியையோ பன்றி இறைச்சியையோ தவிர்ப்பவர்கள் மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள்: ஜப்பானியக் கறிக் குழம்பில், ‘காய்கறிக் கறி’ என்று எழுதியிருந்தாலும், விலங்குக் கொழுப்பு சேர்ந்திருப்பது வழக்கம்.

சைவ உணவுக்காரர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மிசோ சூப், உடோன் நூடுல்ஸின் சாறு, வேகவைத்த காய்கறி என இறைச்சியே கண்ணில் படாத பண்டங்களிலும் ‘தாஷி’ என்னும் அடிச்சாறு உண்டு. அது பெரும்பாலும் உலர்த்திய மீன் சீவலில் காய்ச்சியது. ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் பரிமாறுபவர் இறைச்சித் துண்டுகளை எடுத்துவிட்டுக் கொண்டுவருவார். மீன் சாறு அப்படியே இருக்கும். ஆகவே, ‘இறைச்சி, மீன், மீன் தாஷி ஆகிய எதுவும் எனக்கு ஆகாது’ என்ற வாக்கியத்தை ஜப்பானிய மொழியில் தொலைபேசியில் வைத்திருந்து, உட்காரும் முன்பே காட்டுங்கள். ‘எங்களால் இயலாது’ என்று அவர்கள் தயங்கினால், தலைதாழ்த்தி நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடையைப் பாருங்கள்.

இத்தனைக்கும், சைவர்களுக்கு ஜப்பானின் மிக நல்ல நகரங்களில் ஒன்று கியோட்டோ என்றே சொல்வேன். புத்த மடங்களில் வளர்ந்த ‘ஷோஜின் ரியோரி’ என்னும் உணவு முறையில் இறைச்சியும் மீனும் இல்லை. சோயாப் பாலின் ஆடையை எடுத்துச் செய்யும் யூபாவும், கடற்பாசிச் சாற்றில் சூடாக்கிய டோஃபுவான யூதோஃபுவும் இந்த ஊரின் பெருமைகள். அவசரத்துக்குக் கன்வீனியன்ஸ் கடைகள் இருக்கவே இருக்கின்றன: உப்பிட்ட பிளம் காய் வைத்த சோற்று உருண்டை, வாழைப்பழம், சுட்ட சர்க்கரைவள்ளி. பொட்டலத்தில் வரும் வெறுஞ்சோற்றைச் சூடாக்கி, சர்க்கரை சேர்க்காத தயிர் ஒரு டப்பா வாங்கினால், அசதியான இரவில் தயிர்ச் சோறே கிடைத்துவிடும்.

கடையில் பணத்தைக் கையில் தராமல் அதற்கென்றுள்ள சிறு தட்டில் வையுங்கள். டிப்ஸ் தரும் வழக்கம் இல்லை. மேசையில் விட்டுவந்தால் மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடிவருவார்கள்.

மூன்றாம் நாள்: தெற்கு

கியோட்டோ நிலையத்தின் 8 முதல் 10 வரையிலான நடைமேடைகளில் ஜே.ஆர். நாரா பாதை ரயில்கள் புறப்படும். எல்லா நிலையங்களிலும் நிற்கும் சாதாரண ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் இனாரி. அதிவேகம் கருதி மியாகோஜி விரைவு ரயிலில் ஏறினால் அது இனாரியில் நிற்காமல் போய்விடும். நிலையத்துக்கு எதிரிலேயே ஃபுஷிமி இனாரி ஆலயம். கட்டணம் இல்லை, இரவும் பகலும் திறந்திருக்கும். ஆகவே 7 மணிக்கே போய்விடுங்கள்.

மலைப்பாதை நெடுகிலும் ஆயிரக்கணக்கான செந்நிற வாயில்கள் நெருக்கமாக நிற்கின்றன. வணிகர்களும் நிறுவனங்களும் காணிக்கையாகக் கொடுத்தவை அவை. ஏறும்போது தூண்களில் எழுத்தே தெரியாது. திரும்பிப் பார்த்தால் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் கொடுத்தவரின் பெயரும் தேதியும் கருப்பு எழுத்தில் பொறித்திருக்கும். 233 மீட்டர் உயரமுள்ள மலையை முழுவதும் சுற்றிவர இரண்டு மூன்று மணி நேரமாகும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள், நகரம் விரிந்து தெரியும் யோத்சுத்சுஜி சந்திப்போடு திரும்பிவிடலாம். முக்கியமானவற்றை அதற்குள் பார்த்திருப்பார்கள்.

பிறகு அதே பாதையில் தெற்கே சென்று ஊஜியில் இறங்குங்கள். தேயிலைக்குப் பெயர்பெற்ற இந்த ஊரில்தான் 1053இல் கட்டிய பியோதோஇன் கோயிலின் ஃபீனிக்ஸ் மண்டபம் இருக்கிறது. உங்கள் சட்டைப்பையில் உள்ள 10 யென் நாணயத்தில் அதன் உருவத்தைக் காணலாம். மண்டபத்தின் உள்ளே செல்லத் தனிச் சீட்டு வேண்டும். குறிப்பிட்ட எண்ணிக்கையில்தான் விடுவார்கள் என்பதால் நுழைந்ததும் முதலில் அதை வாங்கிவிட்டுத் தோட்டத்தைச் சுற்றுங்கள்.

நான்காம் நாள்: மேற்கும் வடமேற்கும்

கியோட்டோ நிலையத்தின் மேற்குக் கோடியில், 31 முதல் 34 வரையிலான நடைமேடைகளில் சாகானோ பாதை ரயில்கள் நிற்கும். நிலையத்துக்குள்ளேயே நெடுந்தூரம் நடக்க வேண்டும் என்பதால் பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். சாகா அராஷியாமாவில் இறங்கி, 8 மணிக்குள் மூங்கில் தோப்பை அடைந்தால் நிம்மதியாக நடக்கலாம். மூங்கில்களில் பெயர் செதுக்குபவர்களால் தோப்பு சேதமடைந்திருக்கிறது. உடன் வரும் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவையுங்கள். 8.30க்குத் திறக்கும் தென்ரியூஜி கோயிலின் தோட்டம், பின்னே உள்ள மலையையே தன் காட்சியின் பகுதியாக்கிக்கொண்டது. அதன் வளாகத்தில் உள்ள ஷிகெத்சு உணவகத்தில் மடத்து உணவு கிடைக்கும். முன்பதிவு செய்துவிட்டுச் செல்வது நல்லது.

பிற்பகலில், ‘ராந்தென்’ என்று அழைக்கப்படும் சிறிய டிராமில் ஏறி, கதாபிராநொத்சுஜியில் மாறினால் ரியோஆன்ஜி நிலையம் வரும். அங்குள்ள கல் தோட்டத்தில் 15 கற்கள். எந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது மறைந்திருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அங்கிருந்து 20 நிமிட நடையில் கின்காகுஜி. இளந்துறவி ஒருவர் 1950இல் தீயிட்டதில் அழிந்து, 1955இல் மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடம் அது. மாலை வெயில் சாயும் வேளையில் மேல் இரண்டு தளங்களின் பொன் தகடு குளத்து நீரில் முழுவதுமாக விழும். 5 மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால் 4 மணிக்குள் நுழைந்துவிடுங்கள்.

ஐந்தாவது நாளும் கையில் இருந்தால் நாராவுக்குச் செல்லுங்கள். அங்கே தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்கு 752இல் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. ஜே.ஆர். ரயிலிலும் கின்டெட்சு ரயிலிலும் போகலாம். கோயிலுக்கும் மான்கள் உலவும் பூங்காவுக்கும் கின்டெட்சு நாரா நிலையமே மிக அருகில் இருக்கிறது. பூங்காவில் விற்கும் மான் பிஸ்கட்டைத் தவிர வேறெதையும் மான்களுக்குக் கொடுக்காதீர்கள். காகிதத்தையும் அவை கடித்து இழுக்கும் என்பதால் பயணச்சீட்டையும் வரைபடத்தையும் பைக்குள் வைத்துவிட்டு உள்ளே செல்லுங்கள்.